பூனையை நான்தான் தூக்கிக் கொடுத்தேன்

'என்னட்டி' என்று இனிமேல் என்னைக் கேட்க முடியாத பேச்சியக்காவுக்கு,

தீர்ப்பு வந்துவிட்டது. உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். வாய் வரவில்லை. மூன்று வாரமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். விட்டுவிட்டார்கள் அக்கா. சந்தேகத்தின் பலனைக் கொடுத்து அவரை விட்டுவிட்டார்கள்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. கோர்ட் விடுவித்தவரை அச்சில் கொலைகாரர் என்று சொல்லக் கூடாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். உன் கட்டடச் சங்கத்தில் அவர் வகித்த பதவியை வைத்து நீ அவரைக் கூப்பிட்ட மாதிரியே செகரெட்டரி என்று எழுதுகிறேன். உனக்கு எழுதுவதை ஊரும் படிக்கும் என்று தெரியும். படிக்கட்டும். நான் செய்தது அவர்களுக்கும் தெரிய வேண்டும்.

நீ போன பிறகு நடந்தது ஒன்றும் உனக்குத் தெரியாது. முதலிலிருந்து சொல்கிறேன்.

அன்று காலை மாட்டுங்காவிலிருந்து, உன் பள்ளிக்கூட ஆபீசிலிருந்துதான் எனக்குப் போன் வந்தது. "உங்க சிஸ்டர் இன்னும் வரலை, போனும் எடுக்கலை" என்றார்கள். இருபத்தாறு வருஷ வேலையில் நீ சொல்லாமல் லீவு போட்டதே இல்லை. நான் நெருளில் ரயில் ஏறி, பாலத்தைத் தாண்டி, செம்பூரில் இறங்கி உன் கட்டடத்துக்கு வருவதற்குள் பக்கத்து அறைக்காரர்கள் கதவைத் திறந்துவிட்டிருந்தார்கள். கதவு உள்ளே பூட்டியிருக்கவில்லை, சும்மா சாத்தித்தான் இருந்ததாம். அடுப்புக்குப் பக்கத்தில், நீ குளிக்கிற மோரி மூலையில் விழுந்து கிடந்தாய். தலையில் காயம். கீழே சோப்பு.

வழுக்கி விழுந்திருக்கிறாள் என்று எல்லோரும் சொன்னார்கள். போலீஸ்காரரும் அப்படித்தான் சொன்னார். தனியாக இருக்கிறவள், ஐம்பதைத் தாண்டியவள், ஈரத் தரை. போஸ்ட்மார்ட்டம் முடிந்து மூன்று மணிக்கு உன்னைத் திருப்பிக் கொடுத்தார்கள். இறப்புக்கான காரணம் பற்றிய கருத்து பின்னால் தெரிவிக்கப்படும் என்று ஒரு காகிதத்தில் எழுதியிருந்தது. அந்த வரியை நான் படித்தேன், படித்துவிட்டு மடித்துப் பைக்குள் வைத்தேன். அதற்கு ஒரு அர்த்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

உன்னைக் கூடத்தில், அதாவது உன் ஒரே அறையில், வடக்கு தெற்காகக் கிடத்தினோம். தாராவியிலிருந்து அத்தை வந்தாள். உன் பூனை, அந்த வால் நறுங்கிய சாம்பல் பூனை, எங்கேயோ ஒளிந்திருந்தது மெல்ல வெளியே வந்தது. எந்த வேலையும் செய்யாமல் எல்லாவற்றையும் மேற்பார்வை பார்க்கிறது என்று நீ அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்திருந்தாய். வந்து உன் காலடியில் வெள்ளைத் துணிமேல் உட்கார்ந்தது. துரத்தினால் தலைமாட்டுக்குப் போனது. அங்கே துரத்தினால் மறுபடி காலுக்கு வந்தது.

அத்தை கத்தினாள். "ஏட்டி மாரி! பூனை பொணத்தத் தாண்டுனா ஆகாதுட்டி! பாத்துக்கிட்டே நிக்கியே, தூக்கி வெளிய விடு!"

நான் விலங்கியல் படித்தவள். நீ டைப் அடித்துப் படிக்கவைத்த படிப்பு. பூனை தாண்டினால் பிணத்துக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அறை நிறைய ஆட்கள். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன் உடலை விட அவர்கள் பார்வைதான் அந்த நிமிஷம் எனக்குப் பெரிதாக இருந்தது. மேனேஜரை இரண்டு கையாலும் தூக்கினேன். அதைத் தொட்டது அதுதான் முதல் தடவை. உனக்குத் தெரியும், பூனை முடி பட்டால் எனக்கு இழுப்பு வரும். அன்று இழுப்பும் வரவில்லை. வாசலில் யாரோ கையை நீட்டினார்கள். "தாங்க, நான் பாத்துக்கிடுதேன். மீன் மார்க்கெட்ல விட்டா பொழச்சிக்கிடும்" என்று ஒரு குரல். அந்தக் கைகளில் வைத்தேன். கனம் போனது. நிமிர்ந்து பார்க்கவில்லை.

உன்னைக் கீழே இறக்கியதும் வழக்கப்படி வீட்டைக் கழுவினோம். நான்தான் கழுவினேன் அக்கா. சுவர் ஓரம், கதவு, கதவின் பிடி, மோரி, எல்லாவற்றையும் பினாயில் விட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். உன் பாயையும் தலையணையையும் உடுத்தியிருந்த துணியையும் மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டேன். 'தங்கச்சிக்காரி சுத்தமாச் செய்தா' என்று பெண்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. அதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல்கூட இருந்தது.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து கொஞ்ச நாளில் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். கழுத்து எலும்பு முறிந்திருக்கிறது, யாரோ அழுத்தியிருக்கிறார்கள் என்று டாக்டரின் கடைசிக் கருத்து வந்திருந்தது. "வீட்டை அப்படியே வெச்சிருக்கீங்களா?" என்று இன்ஸ்பெக்டர் இந்தியில் கேட்டார். கழுவிவிட்டேன் என்றேன். அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அவரும் கிராமத்திலிருந்து வந்த மராட்டியர். அவர் வீட்டிலும் கழுவித்தான் இருப்பார்கள்.

யார் மேல் சந்தேகம் என்று கேட்டபோது எனக்கு ஒரே ஒரு பெயர்தான் வந்தது. கட்டடத்தை இடித்துக் கட்டுவதற்கு எல்லா அறைக்காரர்களும் ஒப்புதல் கையெழுத்துப் போட்டாகிவிட்டது, நீ ஒருத்தி மட்டும் போடவில்லை. கட்டி முடிக்கும்வரை எல்லோரும் டிரான்சிட் கேம்ப்பில் தங்க வேண்டும். "டிரான்சிட் கேம்ப்புக்குப் போனவன் திரும்பி வந்து பாத்திருக்கியாட்டி?" என்று என்னிடம் கேட்டாய். செகரெட்டரி இரண்டு தடவை வாசலில் நின்று கத்திவிட்டுப் போனதைப் போனில் சொன்னாய். நான் என்ன சொன்னேன் என்பது நினைவிருக்கிறதா? "கையெழுத்தைப் போட்டுத் தொலையேன், உனக்கு எதுக்கு இந்த வம்பு?" நம்முடைய கடைசிப் பேச்சு அதுதான். அதற்கும் முன்னால் எட்டு மாசமாக நான் உன் வீட்டுக்கு வரவில்லை. பூனை முடி ஆகாது என்று சாக்கு.

எதிர்க்கடைக்காரர் அன்று விடியற்காலையில் செகரெட்டரி உன் மாடிக்கு ஏறியதைப் பார்த்திருக்கிறார். தண்ணீர்த் தொட்டி வால்வைத் திறக்கப் போனேன் என்றார் அவர். அவருடைய வேலைதான் அது. உன் அறைக்குள் மாசக்கணக்கில் கால் வைத்ததே இல்லை என்று சத்தியம் செய்தார். போலீஸ் அவர் வீட்டைச் சோதித்தபோது ஒரு நீலக் கட்டம் போட்ட சட்டையின் கை மடிப்புக்குள் சில சாம்பல் முடிகள் இருந்தன. அவர் வீட்டில் பூனை கிடையாது.

இன்ஸ்பெக்டர் முதலில் அதை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. "தாயி, இது பூனை முடி. இதை வெச்சு நான் என்ன செய்ய? பூனைக்கு ஆதார் கார்டா இருக்கு?" என்று சிரித்தார்.

இருக்கிறது என்றேன்.

மனுஷனுக்கு டி.என்.ஏ. பார்ப்பதுபோலப் பூனைக்கும் பார்க்கலாம், வேரோடு வந்த முடி இருந்தால் அது எந்தப் பூனை என்றே சொல்லலாம், வெளிநாடுகளில் இதை வைத்துத் தண்டனையே கொடுத்திருக்கிறார்கள் என்று அவருக்கு விளக்கினேன். கல்லூரியில் படித்தது பாதி, இணையத்தில் படித்தது பாதி. நாலு மாசம் அவர் மேசை முன்னால் போய் நின்றேன். கடைசியில் அலுத்துப்போய், புலித்தோல், சிறுத்தை நகம் வழக்குகளுக்குச் சோதனை செய்கிற வெளியூர்க் கூடம் ஒன்றுக்கு எழுதிப்போட்டார். அவர்கள் செய்து தருகிறோம் என்றார்கள். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பூனை வேண்டும்.

பூனை எங்கே?

கட்டடத்து வாட்ச்மேன் கொண்டு போனான் என்று சொன்னேன். அப்படித்தான் என் மனதில் இருந்தது. அன்று வாசலில் நின்றுகொண்டிருந்தது அவன்தான், கையை நீட்டியதும் அவனாகத்தான் இருக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் அதை எழுதிக்கொண்டார். ஆனால் அந்த வாட்ச்மேன் வேலையை விட்டு வடக்கே தன் ஊருக்குப் போயிருந்தான். போன் நம்பரும் செத்துப்போயிருந்தது.

நான் மீன் மார்க்கெட்டுக்குப் போனேன். நீ என்னைப் பார்த்திருக்க வேண்டும். கையில் ஒரு பொட்டலம் கருவாட்டை வைத்துக்கொண்டு, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, "மேனேஜர்! மேனேஜர்!" என்று ஒவ்வொரு பலகைக்கடியிலும் குனிந்து குனிந்து கூப்பிட்டேன். மீன்காரிகள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரித்தார்கள். "இந்த அம்மா மேனேஜரைத் தேடி மீன் கூடைக்குள்ள பாக்கறா" என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி, "என் புருஷனோட மேனேஜரும் இங்கதான் கிடைப்பான், நாத்தம் அப்படி" என்றாள். நானும் சிரித்துவிட்டேன். அப்புறம் பலகைமேல் உட்கார்ந்து அழுதேன். சிரித்தவளே ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு என் முதுகைத் தடவினாள். ஏழு வாரம், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனேன். எத்தனையோ சாம்பல் பூனைகள். எதற்கும் நறுங்கிய வால் இல்லை.

உன் சீப்பு கிடைத்தது. வராந்தாவில் உட்கார்ந்து மேனேஜருக்குத் தலைவாரி விடுவாயே, அந்தப் பழைய பேன்சீப்பு. கதவுக்கு வெளியே மீட்டர் பெட்டிக்கு மேல் வைத்திருந்தாய். உள்ளே எல்லாவற்றையும் கழுவிய என் கைக்கு அது எட்டவில்லை. பல்லுக்குப் பல் முடி சிக்கியிருந்தது. போலீஸ் கூட்டிவந்த பஞ்ச் சாட்சிகள் முன்னால் அதைக் கவரில் போட்டு ஒட்டும்போது, நீயே எனக்காக அதை அங்கே விட்டுவிட்டுப் போனதாக நினைத்தேன். மூடநம்பிக்கையில் நானும் அத்தைக்குக் குறைந்தவள் இல்லை, பார்.

ரிப்போர்ட் வர ரொம்ப நாள் ஆனது. வந்தது. சட்டையில் இருந்த முடியும் சீப்பில் இருந்த முடியும் ஒரே பூனையுடையவை. அந்தக் கட்டடத்தில் எத்தனை பூனை இருந்தாலும் சரி, இது மேனேஜர்தான். அவர் பொய் சொன்னார், உன் அறைக்குள் வந்திருக்கிறார். அவரைக் கைது செய்தார்கள். இன்ஸ்பெக்டர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, "தாயி, பில்லி நே போல் தியா" என்றார். பூனை பேசிவிட்டதாம். அன்று வீட்டுக்குப் போகாமல் கிங்ஸ் சர்க்கிளில் இறங்கி நீ டிபன் சாப்பிடும் ஹோட்டலில் உட்கார்ந்து இட்லி தின்றேன். நீ போன பிறகு நாக்கில் ருசி தெரிந்த முதல் சாப்பாடு. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சந்தோஷமாக இருந்தேன் அக்கா. மறுபடி ஒரு தட்டு வாங்கித் தின்றேன்.

பத்து நாள்கூட நிற்கவில்லை அந்தச் சந்தோஷம்.

ஜாமீன் மனு விசாரணையில் அவருடைய வக்கீல் எழுந்து சொன்னார்: இறந்தவருடைய தங்கையே, சாவு வீட்டு வாசலில் வைத்து, அந்தப் பூனையை என் கட்சிக்காரர் கையில் தூக்கிக் கொடுத்தார். அவர் அதை மார்போடு அணைத்துக் கொண்டுபோய் மீன் மார்க்கெட்டில் விட்டார். முடி ஒட்டாமல் என்ன செய்யும்?

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பிக் கையை விசிறினார். பச்சைப் பொய் என்று அர்த்தம். நானும் தலையை ஆட்டினேன். ஆட்டிக்கொண்டிருக்கும்போதே அந்தக் குரல் என் காதில் வந்தது. தாங்க, நான் பாத்துக்கிடுதேன். மீன் மார்க்கெட்ல விட்டா பொழச்சிக்கிடும்.

வாட்ச்மேனுக்குத் தமிழ் தெரியாது.

இந்த ஊரில் நாம் வாழ்கிற வாழ்க்கை அப்படி. நாள் முழுக்க இந்தியில் கேட்கிறோம், வீட்டுக்கு வந்து தமிழில் சொல்கிறோம். காய்கறிக்காரன் பேசியதும் கண்டக்டர் திட்டியதும் நினைவில் தமிழாகத்தான் கிடக்கின்றன. அதனால்தான் வாட்ச்மேன் நம் ஊர்த் தமிழில் பேசியதாக நான் நினைவு வைத்திருந்ததில் எனக்கு எந்த முரணும் தெரியவில்லை. அவன் இந்தியில் சொல்லியிருப்பான், என் மனசு மாற்றி வைத்திருக்கும் என்றுகூட நினைத்துப் பார்க்கவில்லை. அந்த மாற்றம் நமக்கு அவ்வளவு சகஜம். ஆனால் அந்தக் குரல் மாற்றப்பட்ட குரல் இல்லை. அது நம் பக்கத்துக் குரலேதான், செகரெட்டரியின் குரல். 'தாங்க' என்பதற்குப் பின்னால் 'தங்கச்சி' என்று ஒரு வார்த்தையும் இருந்தது. அந்த வார்த்தைக்காகத்தான் நிமிர்ந்து பார்க்காமல்கூட நான் கொடுத்தேன்.

நானே அந்த ஆதாரத்தைத் தேடிக் கண்டுபிடித்தேன், நானே போலீஸைக் கெஞ்சி அதைச் சோதிக்க வைத்தேன். அதை ஒன்றுமில்லாமல் ஆக்கியவளும் நான்தான். அவர் உன்னைத் தொட்டாரா இல்லையா என்று சொல்ல இருந்த ஒரே சாட்சியை, அவர் கையிலேயே நான் கொண்டுபோய் வைத்திருக்கிறேன்.

சாட்சி சொல்லும் நாள் வந்தது. முந்தின நாள் அத்தையைப் பார்க்கத் தாராவிக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவள் வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"போலீஸ்ல என்ன எழுதிருக்கு?"

"வாட்ச்மேன்னு."

"அப்புறம் என்னட்டி? எழுதுனத அப்படியே சொல்லிட்டு எறங்கி வா. வாட்ச்மேன் எந்திரிச்சி வந்து இல்லேங்கப் போறானா?"

"அது பொய் அத்தை."

"பொய்யாம்லா! ஒங்கக்கா கழுத்த நெரிச்சது மட்டும் நெசம் பேசுன கையாக்கும்?"

"அவர்தான் நெரிச்சார்னு நமக்குத் தெரியாதே."

"ஒனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் அப்படித்தான் தெரியும். தொண்ணூறு பங்கு தெரியும். மீதிப் பத்துப் பங்கில் ஒரு மனுஷன் ஆயுசு முழுக்க ஜெயிலில் உட்கார்ந்திருக்கிறான்.

செஷன்ஸ் கோர்ட்டில் ஃபேன் சுற்றுகிற சத்தத்தில் நம் குரலே நமக்குக் கேட்காது. எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையை ஆரம்பித்தார். "மேனேஜரை நீங்கள் கையால் தூக்கினீர்கள், சரியா?" ஜட்ஜ் எழுதுவதை நிறுத்தி, "எந்தக் கம்பெனி மேனேஜர்?" என்று கேட்டார். பூனை என்று சொன்னதும் டைப்பிஸ்ட் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். நீ இருந்திருந்தால் சத்தமாகச் சிரித்து வெளியே அனுப்பப்பட்டிருப்பாய்.

"யாரிடம் கொடுத்தீர்கள்?"

இன்ஸ்பெக்டர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை பின்வரிசையில் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டிருந்தாள். செகரெட்டரி கூண்டில் என்னைப் பார்க்காமல் தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவரிடம்தான்" என்றேன். "போலீஸில் வாட்ச்மேன் என்று சொன்னது என் தவறு."

அரசு வக்கீல் ஒரு பெண். இளம் வயது, நல்ல மூளை. அவள் அசரவில்லை. எழுந்து, மறுவிசாரணை என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அவர் பூனையை வாங்கும்போது என்ன நிறச் சட்டை போட்டிருந்தார்?

எனக்கு உடனே புரிந்தது. முடி இருந்தது நீலக் கட்டச் சட்டையில். சாவு வீட்டுக்கு வந்த நம் ஆட்களில் பாதிப் பேர் வெள்ளைச் சட்டையில்தான் வந்தார்கள். அவரும் வெள்ளையில் வந்திருந்தால், நீலச் சட்டையில் முடி ஒட்டியது வேறு ஒரு நாள். அப்படியென்றால் அவர் உன் அறைக்குள் வந்திருக்கிறார். வெள்ளை என்று நான் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். மூன்று எழுத்து. அறுத்துப் பார்த்தாலும் அது பொய்யென்று யாராலும் நிரூபிக்க முடியாது. உண்மையாகவே இருக்கலாம்கூட.

கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன் அக்கா. சத்தியமாகப் பார்த்தேன். வாசல் தெரிந்தது. மேனேஜரின் பின்னங்கால் என் வளையலில் சிக்கியது தெரிந்தது. நீட்டிய கைகள் தெரிந்தன, கையில் ரோமம் தெரிந்தது. முழங்கைக்கு மேல் ஒன்றுமே இல்லை. வெறும் வெளிச்சம். நீலமும் இல்லை, வெள்ளையும் இல்லை.

"ஞாபகம் இல்லை" என்றேன்.

"நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்" என்றாள் அவள்.

"ஞாபகம் இல்லை."

ஜட்ஜ் அதை ஆங்கிலத்தில் சொல்ல, டைப்பிஸ்ட் அடித்தாள். நீ அடிக்கிற வேகம் அவளுக்கு இல்லை.

வெளியே வராந்தாவில் அத்தை எனக்கு முன்னால் நடந்தாள். படியிறங்கும்போது, "வெள்ளன்னு ஒரு வார்த்த. அதச் சொல்ல வராமப் போகத்தான் ஒன்ன அவ காலேஜுக்கு அனுப்புனாளோ" என்றாள். கொஞ்ச தூரம் போய் நின்று திரும்பி, "பூனையத் தூக்கச் சொன்னது நாந்தான்ட்டி. என்னய அடி" என்று சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாள். நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன், உதறிவிட்டாள்.

தீர்ப்பு நாளன்று, விடுதலை என்று வாசித்த பிறகு, அவர் என்னைத் தாண்டிப் போனார். நின்றார். கைகூப்பி, "உள்ளதச் சொன்னிய தங்கச்சி. நல்லாருப்பிய" என்றார். கண்ணில் தண்ணீர் இருந்தது. ஒரு குற்றமும் செய்யாமல் இரண்டு வருஷம் உள்ளே கிடந்தவனுடைய கண்ணீரா அது? தப்பித்தவனுடையதா? என் மூக்குக்கு நேரே அந்த முகம் நின்றது. எனக்குத் தெரியவில்லை. முடியின் வேரில் எந்தப் பூனை என்று பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். இதைப் பார்க்க எங்கே போவது?

இன்னொன்றும் என்னை அரிக்கிறது. மேனேஜர் யார் கைக்கும் போகாது. என் கையிலேயே திமிறியது. அவர் கைக்கு மாறியதும் சத்தமே காட்டவில்லை. ஏற்கெனவே பழகிய கையா? அல்லது பயந்துபோய் உறைந்ததா? சும்மா, களைத்துப்போய்த்தானா? இதைக் கோர்ட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பூனை சும்மா இருந்தது என்பதை எந்தச் சட்டத்தில் சேர்ப்பார்கள்?

நான் செய்ததை நீ மெச்சுவாய் என்று நினைத்தாவது ஆறுதல் அடையலாம் என்றால் அதுவும் முடியவில்லை. உன்னை எனக்குத் தெரியாதா? ரேஷன் ஆபீசில், ரயில் டிக்கெட் பரிசோதகரிடம், என் பள்ளிக்கூட ஹெட்மிஸ்ட்ரஸிடம், எனக்காக நீ சொன்ன பொய்களை வரிசையாக வைத்தால் செம்பூரிலிருந்து நெருள் வரை போகும். என் கழுத்து எலும்பு முறிந்து கிடந்திருந்தால் நீ அந்தக் கூண்டில் ஏறி, "வெள்ளச் சட்ட, பையில பேனா, ரெண்டாவது பொத்தான் இல்ல" என்று அடுக்கியிருப்பாய். ஜட்ஜே நம்பியிருப்பார். இறங்கி வந்து டீ குடித்திருப்பாய். உன் அன்பு அப்படி. என் அன்பு 'ஞாபகம் இல்லை' என்பதோடு நின்றுபோயிற்று. நேர்மை என்று இதற்குப் பெயர் வைக்க எனக்குத் துணிவில்லை. தங்கைக்காரி அன்று ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருந்தால் நேர்மையும் நியாயமும் ஒரே பக்கம் நின்றிருக்கும். நான் உன்னையும் பார்க்கவில்லை, எட்டு மாசம். உன் வாசலில் நின்றவரையும் பார்க்கவில்லை.

உன் கட்டடத்தைச் சுற்றிப் பச்சை வலை போட்டுவிட்டார்கள். உன் அறை வாரிசுக் கணக்கில் என் பெயருக்கு வந்தது. ஆட்கள் காகிதத்தோடு வந்தார்கள். வழக்கு முடிந்துவிட்டது, இனி என்ன என்றார்கள். நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. மற்ற இருபத்தேழு குடும்பங்களும் எத்தனை நாள் எனக்காகக் காத்திருப்பார்கள் என்று தெரியவில்லை. மழைக்கு ஒழுகுகிறது என்று உன் பக்கத்து அறைப் பெண் போன் செய்து அழுகிறாள். அவளும் நியாயம்தான் பேசுகிறாள்.

நேற்று ஹைகோர்ட் வக்கீல் ஒருவரைப் பார்த்தேன். இறந்தவரின் குடும்பமே மேல்முறையீடு செய்யலாமாம். மனுவில் கையெழுத்துப் போட்டேன். ஜெயிக்குமா என்று கேட்டேன். அவர் காகிதங்களைப் புரட்டிவிட்டு நேர்மையாகவே சொன்னார்: "அங்கே உங்களை யாரும் மறுபடி கேட்க மாட்டார்கள் அம்மா. கீழே நீங்கள் சொன்னதைத்தான் படிப்பார்கள்." அப்படியென்றால் ஒவ்வொரு தடவையும் அந்த இரண்டு வார்த்தைதான் வாசிக்கப்படும். என் சாட்சியம் என்று என் பெயரைச் சொல்லி, என் கண் முன்னால், யாரோ ஒருவர் உரக்கப் படிப்பார். வருஷக்கணக்காக. தோற்கத்தான் போகிறோம் என்று நினைக்கிறேன் அக்கா. உன்னிடம் இதில் பொய் நம்பிக்கை கொடுக்க மாட்டேன்.

ஆனால் இதை மட்டும் வாக்காகத் தருகிறேன். எந்தத் தேதி கொடுத்தாலும் நான் போவேன். இழுப்பு, மழை, ரயில் ஓடவில்லை என்று எந்தச் சாக்கும் சொல்ல மாட்டேன். பின்வரிசையில் போய் உட்காருவேன். அந்த வரியை அவர்கள் வாசிக்கும்போது எழுந்து வெளியே போக மாட்டேன், குனியவும் மாட்டேன். வாசிக்கிறவர் முகத்தையும், கேட்கிறவர் முகத்தையும், கூண்டுக்கு வெளியே நிற்கிற அவர் முகத்தையும் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

உன் கூடப்பிறந்தவள், உனக்குப் பிறகும் இருக்கிறவள்,
மாரி